பரட்டைத் தலையும் பிரெஞ்சு சரித்திரமும்

நம் ஊரில் "பரட்டைத் தலை" என்பது திட்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுப் பெண் தலைவிரியாக நின்றால் பெரியவர்களுக்குப் பொறுக்காது. "தலையை அள்ளி முடி" என்று ஒரு அதட்டல் வரும். கலைந்த தலையைச் சட்டென்று ஒழுங்கு செய்வது என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். ஆனால் பிரெஞ்சு தேசத்தில் இந்தச் சின்ன விஷயத்துக்குள் ராஜசபை, புரட்சி, யுத்தம் எல்லாம் வந்து போயிருக்கின்றன.

என் போலப் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு லூயி மன்னர்களின் வரிசை இன்றைக்கும் மனப்பாடம். அந்தக் காலத்துத் தலைகளில் என்ன இருந்தது, அதைச் சீவி முடிக்க எத்தனை நேரம் ஆனது, யார் கை அதைச் சீவியது என்பதைப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் 14ஆம் லூயி காலத்துக் கதை. அவருக்குப் பிரியமான ஃபோந்தாஞ்ச் சீமாட்டி, 1680 வாக்கில் ஒரு நாள் ராஜாவோடு வேட்டைக்குப் போனாராம். குதிரை ஓடிய வேகத்தில் தலை அலங்காரம் மரக்கிளையில் மாட்டிக் குலைந்துவிட்டது. அவர் தாதியைக் கூப்பிடவில்லை. கால் உறையைக் கட்டியிருந்த ரிப்பனை அவிழ்த்து, முடியை உச்சியில் திரட்டி ஒரு கட்டுக் கட்டிக்கொண்டார். ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. மறுநாளே அரண்மனைப் பெண்கள் எல்லாரும் அதே மாதிரி கட்டிக்கொண்டு வந்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பெண் 1681இல் இருபது வயதில் இறந்துபோனார். அவர் பேர் மட்டும் அந்த அலங்காரத்துக்கு நின்றது.

அவசரத்துக்குக் கட்டிய அந்தக் கட்டு பிறகு என்ன ஆயிற்று தெரியுமா? சில வருஷங்களில் அதற்குக் கம்பிச் சட்டம் வந்தது. சட்டத்தின் மேல் கஞ்சி போட்ட லேஸ், அதன் மேல் இன்னும் ஒரு அடுக்கு. நெற்றிக்கு மேலே ஒரு கோபுரம் மாதிரி நின்றது. ஒரு நிமிஷத்தில் முடிந்த காரியம் ஒரு மணி நேர வேலையாகிவிட்டது. எளிதான வழி ஒன்று வரும், பிறகு அதுவே ஆடம்பரமாகும். இது பிரெஞ்சுத் தலைகளில் பல முறை நடந்திருக்கிறது.

அந்த ஆடம்பரத்தின் உச்சம் மரி அந்துவானெத் ராணியின் காலம். அவருடைய தலையலங்காரக்காரர் லெயோனார், உடை அலங்காரத்துக்கு ரோஸ் பெர்த்தேன் என்ற கடைக்காரப் பெண்மணி. 1774இல் "பூஃப்" என்ற அலங்காரம் பிரபலமாயிற்று. தலைமேல் கம்பியும் குதிரைமுடித் திண்டும் வைத்து, சொந்த முடியை அதன்மேல் இழுத்து ஏற்றி, மிருகக் கொழுப்பில் செய்த களிம்பைத் தடவி, மேலே வெள்ளைப் பொடியைத் தூவ வேண்டும். பொடி கண்ணில் விழாமலிருக்க முகத்தைக் காகிதக் கூம்பால் மூடிக்கொள்வார்கள்.

அந்த வருஷம் 16ஆம் லூயி அம்மை குத்திக்கொண்டார். உடனே "அம்மை குத்திய பூஃப்" ஒன்று வந்தது. அதில் ஒரு பாம்பு, ஒரு கதை, உதிக்கும் சூரியன், ஒலிவ மரம். 1778இல் பெல்-பூல் என்ற பிரெஞ்சுக் கப்பல் ஆங்கிலேயக் கப்பலோடு மோதியது. அதைக் கொண்டாடத் தலையில் பாய்மரத்தோடு ஒரு கப்பலையே வைத்துக்கொண்டார்கள். கோச்சு வண்டிக்குள் தலை இடித்ததால், சில சீமாட்டிகள் வண்டியின் தரையில் முழங்காலிட்டுப் போனார்கள்.

இத்தனை பாடுபட்டுக் கட்டியதை ராத்திரியில் அவிழ்க்க மனம் வருமா? வாரக்கணக்கில் அப்படியே வைத்திருப்பார்கள். உள்ளே பேனும் பூச்சியும் குடியிருக்கும். விரல் நுழையாததால் சொறிந்துகொள்ள நீளமான குச்சி ஒன்று, தந்தத்தில், சில வீடுகளில் வெள்ளியில். நம் பாட்டிமார் கையில் ஒரு ஈருளியைக் கொடுத்து அனுப்பியிருந்தால் வெர்சாய் அரண்மனை பிழைத்திருக்கும்!

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத ஒரு சங்கதியும் இதில் உண்டு. அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் கோதுமை மாச்சத்திலிருந்து செய்தது. 1775 வசந்தத்தில் கோதுமை விலை ஏறி, பாரீஸைச் சுற்றியுள்ள ஊர்களில் ஜனங்கள் ரொட்டிக்காகக் கலகம் செய்தார்கள். "மாவுச் சண்டை" என்றே அதற்குப் பெயர். வயிற்றுக்கு இல்லாத மாவைத் தலையில் பூசிக்கொண்டு போகிறவர்களை வீதியில் நின்றவர்கள் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? மணிக்கணக்கான அலங்காரத்துக்குப் பின்னால் பிறருடைய கை இருந்தது, பிறருடைய நேரம் இருந்தது, பிறருடைய ரொட்டியும் இருந்தது.

ராணிக்கே ஒரு கட்டத்தில் இது முடியவில்லை. 1781 அக்டோபரில் பட்டத்து இளவரசன் பிறந்தபின் அவருக்கு முடி கொட்டியது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு வருவதுதான். லெயோனார் முடியைக் குட்டையாக வெட்டி, குழந்தையின் தலைபோலப் பஞ்சுபஞ்சாக விட்டார். அதற்குக் "குழந்தைத் தலை" என்றே பெயர் வைத்தார்கள். மற்றச் சீமாட்டிகளும், முடி கொட்டாதவர்கள் உட்பட, வெட்டிக்கொண்டார்கள்.

பிறகு புரட்சி வந்தது. 1791 மே மாதம் பாரீஸ் நாடக மேடையில் தல்மா என்ற நடிகர், வொல்த்தேர் எழுதிய புரூட்டஸ் நாடகத்தில் தித்துஸ் வேஷம் போட்டார். ரோமாபுரிக்காரனுக்குப் பொடியும் டோப்பாவும் எதற்கு என்று, சிலைகளில் உள்ளபடி முடியை ஒட்ட வெட்டி, பொடி இல்லாமல் மேடையேறினார். இளைஞர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வெட்டுக்குத் "தித்துஸ்" என்று பெயர். சீப்பைக்கூடத் தேட வேண்டாம், விரலால் கலைத்துவிட்டால் போதும். ஆனால் புரட்சிக்காரர்கள் எல்லாரும் அப்படி மாறவில்லை. ரோபேஸ்பியேர் கடைசி வரை பொடி பூசிய தலையோடுதான் இருந்தார்.

பெண்கள் தித்துஸ் வெட்டுக்கு வந்ததில் வேறொரு நினைவும் கலந்திருக்கிறது. கில்லொத்தீனுக்கு அனுப்பும் முன் கத்தி தடைபடாமல் விழ, பிடரி முடியை வெட்டிவிடுவார்கள். 1793 அக்டோபர் 16ஆம் தேதி காலை மரி அந்துவானெத்துக்கும் அப்படித்தான் வெட்டினார்கள். நாடே பார்த்துக் காப்பியடித்த அந்த முடி, கொலைத் தண்டனையை நிறைவேற்றுபவரின் கையில் சில நொடிகளில் முடிந்தது. பயங்கர ஆட்சி ஓய்ந்த பிறகு, உயிர் தப்பிய வீட்டுப் பெண்கள் சிலர் தாங்களாகவே பிடரியை ஒட்ட வெட்டி, முன்முடியைக் கலைத்து விட்டுக்கொண்டார்கள். அது துக்கமா, நாகரிகமா, இரண்டுமா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அதற்கப்புறம் கலைந்த தலையே ஒரு கௌரவமாயிற்று. ஷத்தோபிரியான் என்ற எழுத்தாளரை ழிரோதே வரைந்த படம் 1810இல் பாரீஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. தலைமுடி காற்றில் பறந்து கலைந்தபடி இருக்கும். நெப்போலியன் அதைப் பார்த்து, புகைக்கூண்டு வழியாக இறங்கி வந்த சதிகாரன் மாதிரி இருக்கிறான் என்று சொன்னதாகச் சொல்வார்கள். அந்த மாதிரித் தலைக்குக் "காற்றடித்த தலை" என்று பிரெஞ்சில் பெயர். அதை இயல்பாகக் கலைந்ததுபோல் காட்ட, ராத்திரியில் முடியைக் காகிதத் துண்டுகளில் சுருட்டிக் கட்டிக்கொண்டு தூங்கியவர்களும் உண்டு. பரட்டைக்கும் மெனக்கெட வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெண்களின் தலையில் மறுபடி பாரம் ஏறியது. 3ஆம் நெப்போலியன் காலத்தில் பிடரியில் பெரிய கொண்டை வைப்பது வழக்கம். "ஷிஞோன்" என்பார்கள். அந்தச் சொல்லின் பழைய பொருளே பிடரிதான். அவ்வளவு பெரிய கொண்டைக்குச் சொந்த முடி போதாது, சவுரி வேண்டும். சவுரிக்கு முடி எங்கிருந்து வரும்? பிரெத்தாஞ், ஓவெர்ஞ் போன்ற ஏழைப் பிரதேசங்களின் சந்தைகளுக்கு முடி வியாபாரிகள் போவார்கள். குடியானவப் பெண்கள் ஒரு துண்டுத் துணிக்கோ கொஞ்சம் காசுக்கோ கூந்தலை வெட்டிக் கொடுத்துவிட்டு, தலையில் வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார்கள். வெட்டியது வெளியே தெரியாது.

இந்த நிலையில் நிஜமாகவே ஒரு சுருக்கு வழியைக் கண்டுபிடித்தவர் மர்சேல் கிராத்தோ. 1870களில் பாரீஸில் பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்து பிழைத்தவர். சூடாக்கிய இடுக்கியால் முடியைச் சுருட்டுவது பழைய வழி. அவர் அதே இடுக்கியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தார். சுருளுக்குப் பதில் அலை அலையாக முடி படிந்தது, பல நாள் கலையாமலும் நின்றது. இடுக்கியின் சூட்டை முதலில் ஒரு காகிதத்தில் வைத்துப் பார்ப்பார்கள். காகிதம் கருகினால் ஆற விட வேண்டும். "மர்சேல் அலை" என்று உலகம் முழுவதும் பேர் பரவிற்று. ஒரு சாமானைத் திருப்பிப் பிடித்தது மட்டுமே அவர் செய்த புதுமை.

கடைசியாகக் கத்தரிக்கோல். அந்துவான் என்று பாரீஸில் அறியப்பட்டவர் போலந்து நாட்டிலிருந்து வந்தவர். 1909இல் ஏவ் லவலியேர் என்ற நடிகைக்கு, இளம்பெண் வேஷத்துக்குப் பொருந்த, காது மட்டத்தில் முடியை வெட்டினாராம். ழான் தார்க்கின் தலைதான் அவருக்கு மாதிரி. அப்போது அதைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1914இல் யுத்தம் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போக, லட்சக்கணக்கான பெண்கள் குண்டு செய்யும் தொழிற்சாலைக்குப் போனார்கள். சுற்றும் யந்திரத்தின் முன் நீண்ட கூந்தல் ஆபத்து, அதைச் சீவிப் பின்ன நேரமும் இல்லை. யுத்தம் முடிந்தபின் குட்டை முடி வீதிக்கு வந்துவிட்டது.

உடனே எதிர்ப்பு. பெண்ணுக்கு நீண்ட கூந்தலே மகிமை என்று புனித பவுல் எழுதியதை எடுத்துக் காட்டினார்கள். வீடுகளில் அப்பா, மகள், கணவன், மனைவி என்று சண்டை. 1922இல் விக்தோர் மார்கெரித் எழுதிய "லா கர்சோன்" நாவல், முடியை வெட்டிக்கொண்டு தன் இஷ்டப்படி வாழும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதற்காக அரசாங்கம் அவருக்குத் தந்திருந்த லெழியோன் தோனர் விருதையே பறித்துக்கொண்டது. ஒரு வெட்டுக்கா இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். கோபம் முடியின் நீளத்துக்கு அல்ல. அப்பனையோ புருஷனையோ கேட்காமல் வெட்டிக்கொண்டாளே என்பதற்கு.

இதன் மறுபக்கம் 1944இல் தெரிந்தது. ஜெர்மானியர் பின்வாங்கிய ஊர்களில், அவர்களோடு பழகினார்கள் என்று குற்றம் சாட்டி, சுமார் 20,000 பெண்களின் தலையை மழித்தார்கள். பலருக்கு அது நடுவீதியில், கூட்டம் கூடிக் கூச்சலிட நடந்தது. அதே 1944 ஏப்ரலில்தான் பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை தரும் ஆணை கையெழுத்தாகியிருந்தது. இருபது வருஷத்துக்கு முன் தானாக வெட்டிக்கொண்டபோது குற்றம் என்றவர்கள், இப்போது தாங்களே மழித்து அதைத் தண்டனையாக்கினார்கள். நாம் பிரெஞ்சுக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. புருஷன் இறந்ததும் நாவிதரை வரவழைத்து, வயது வராத பெண்ணின் தலையைக்கூட மழித்த வழக்கம் நம் பக்கத்துச் சில குடும்பங்களில் இருந்ததே.

இப்படி 260 வருஷத்துத் தலைகளைப் பார்த்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தலையலங்காரத்தில் அழகைக் காட்டிலும் முக்கியமான கேள்வி, அது யார் கையில் இருக்கிறது என்பதுதான். வேட்டைக் காட்டில் ஃபோந்தாஞ்ச் தன் ரிப்பனால் தானே கட்டிக்கொண்டார். குண்டுத் தொழிற்சாலைப் பெண் தானே வெட்டிக்கொண்டாள். இரண்டும் சட்டென்று முடிந்த காரியம், இரண்டும் சொந்தக் கையால் ஆனது. கப்பல் தூக்கிய தலைகளில் அது இல்லை.

நம் இலக்கியத்தில் கூந்தலுக்கு "ஐம்பால்" என்றே ஒரு பெயர் உண்டு. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று ஐந்து வகையாக அலங்கரித்ததால் வந்த பெயர். அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது வெறும் "முடி", அதாவது உச்சியில் அள்ளி முடிவது. நாற்று நடப்போன பெண்களும், கிணற்றில் நீர் இறைத்த பெண்களும், அடுப்படியில் நின்ற நம் அம்மாக்களும் போட்டுக்கொண்ட கோடாலி முடிச்சு அதன் தங்கைதான். ஊசி இல்லை, ரிப்பன் இல்லை, கண்ணாடி இல்லை. இரண்டு கையும் பின்னால் போகும், ஒரு சுற்று, ஒரு செருகல், அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் கை வேலைக்குத் திரும்பிவிடும்.

இந்தக் காலத்துப் பேத்திகள் அதே கோடாலி முடிச்சைப் போட்டுக்கொண்டு, அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொல்லிக்கொண்டு காலேஜுக்குப் போகிறார்கள். "இது என்ன பரட்டை" என்று கேட்க வாய் எடுக்கிற தாத்தாமார்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். தன் தலையைத் தன் கையால் முடிந்துகொண்டு போகிறாள், போகட்டும்.