வணிகர் கொடுத்த தேனும், வயிற்றுக்கு வந்த கடுக்காயும்

கம்பஸ் படிக்கிற எங்களில் கனபேருக்கு வயிறு ஒரு பிரச்சினை. காலையில் பிளேன்டியும் பிஸ்கட்டும், பகல் சாப்பாடு மூன்று மணிக்கு, பரீட்சைக் காலத்தில் அதுவும் இல்லை. எரிவு தொடங்கினால் பாமசியில் ஒமெப்ரசோல் ஒரு காட் வாங்கிப் போடுகிறோம். வீட்டுக்குப் போனால் அம்மம்மா, "உதை விட்டிட்டு இதைக் குடி" எண்டு கடுக்காய்த்தூளைக் கரைத்துத் தருவா. இரண்டில் எதை நம்புவது என்ற சண்டை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நாங்கள் கலைப்பீடக்காரர், மருந்து எழுதித் தர எங்களால் முடியாது. ஆனால் அந்தக் கடுக்காய்க்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதன் ஒரு நுனி எங்கட மாவட்டத்துத் திரியாயில் கிடக்கிறது.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளி, குச்சவெளி தாண்டிப் போனால் சுமார் 45 கிலோமீற்றரில் திரியாய். வயலும் குளமுமாக வாழ்ந்த பழைய தமிழ்க் கிராமம். 1980களில் எரிந்து, சனம் இடம்பெயர்ந்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பிய ஊர். அங்கேயுள்ள மலையில், கல் தூண்கள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு தூபி இருக்கிறது. தொல்லியலாளருக்கு அது கிரிஹண்டு சேய, ஊரவருக்கு அந்த மலை கந்தசாமி மலை. மலைப் பாறையில் ஒரு கல்வெட்டும் உண்டு. ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவ கிரந்தச் சாயல். பரணவிதான அதைப் பதிப்பித்தார். கிரிகண்டி சைத்தியத்தை அமைத்தவர்கள் திரபுஸ்ஸக, வல்லிக என்ற பெயர் கொண்ட வணிகக் கூட்டத்தார் என்று அந்தக் கல்வெட்டு சொல்கிறது.

இந்த இருவரும் பௌத்த உலகம் முழுக்கத் தெரிந்தவர்கள். ஞானம் பெற்ற புத்தருக்கு முதல் உணவாக மாவும் தேனும் கொடுத்த வணிகர்கள், பதிலுக்கு அவருடைய கேசத்தைப் பெற்றுப் போனார்கள் என்பது கதை. அந்தக் கேசம் திரியாயில் இருக்கிறது என்று இங்கே சொல்கிறார்கள். யங்கோனின் ஷ்வேடகோனில் இருக்கிறது என்று மியன்மார்க்காரர் சொல்கிறார்கள்.

கதையின் அடுத்த பகுதியை மலை பற்றிய சர்ச்சைகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. வடஇந்திய மூலசர்வாஸ்திவாத மரபின்படி, வணிகர் கொடுத்ததைச் சாப்பிட்ட புத்தருக்குக் கடுமையான வயிற்றுவலி வருகிறது. மாரன் வந்து "இதோடு பரிநிர்வாணம் அடைந்துவிடு" என்று தூண்டுகிறான். சக்கன் கடுக்காய் கொண்டுவந்து கொடுக்க, வலி தீருகிறது. பாளி மரபிலும் சக்கன் கடுக்காய் தருகிறான், ஆனால் வணிகர் வருவதற்கு முன்பு. விநயத்தின் மகாவக்கத்தில் பிக்குகள் மருந்தாக வைத்திருக்கக்கூடிய காய்கனிகளில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் இருக்கின்றன. நாங்கள் திரிபலா என்று வாங்குவது இந்த மூன்றையும்தான். சிங்களத்தில் அரளு, புளு, நெல்லி.

திரியாய்க் கல்வெட்டில் கடுக்காய் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதை நாங்கள் உள்ளே நுழைக்கவில்லை. வணிகரின் பெயர் கல்லில் இருக்கிறது, காய் ஏட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் மலை யாருடையது என்று மட்டுமே கேட்டுக்கேட்டுக் களைத்துப்போன எங்களுக்கு, கடல் வழியாக வந்த அந்த ஆட்கள் மூட்டையில் என்ன கொண்டுவந்திருப்பார்கள் என்ற கேள்வி பெரிய ஆறுதல்.

இனி அம்மம்மாவின் பக்கம். சித்த மருத்துவத்தில் வயிற்று நோய்க்குக் குன்மம் என்று பெயர். அதில் எட்டு வகை: எரிகுன்மம், வலிகுன்மம் என்று போகும். இன்று பலர் "குன்மம் எண்டால் அல்சர்தான்" என்று சுலபமாக மொழிபெயர்த்துவிடுகிறார்கள். எங்களுக்கு இதில்தான் இடிக்கிறது. ஏடு எழுதியவர்கள் இரைப்பைக்குள் கமரா விட்டுப் பார்க்கவில்லை. அவர்கள் வகைப்படுத்தியது வலியை, எரிவை, வாந்தியை. அதற்குள் புண்ணும் இருந்திருக்கும், வெறும் அசீரணமும் இருந்திருக்கும். "எங்கட ஆக்களுக்கு எல்லாம் முதலே தெரியும்" என்று முகநூலில் எழுதுபவர்களும், "எல்லாம் மூடநம்பிக்கை" என்று சிரிப்பவர்களும் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று மேற்கிலும் நெடுங்காலம் நம்பினார்கள். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் எச். பைலோரி கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தெரிந்த இரண்டு பெரிய காரணங்கள் இந்தக் கிருமியும், அஸ்பிரின், இபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகளும். பகல் சாப்பாட்டைப் பிந்திச் சாப்பிடுவது எரிவைக் கூட்டலாம், புண்ணுக்கு அது மூலம் இல்லை.

அப்போ கடுக்காய்? 2001இல் ஈரானிய ஆய்வாளர்கள் கடுக்காயின் நீர்ச்சாற்றை எச். பைலோரி மீது சோதித்தார்கள். லீற்றருக்கு 125 மில்லிகிராம் செறிவிலேயே கிருமியின் வளர்ச்சி நின்றது. சாற்றை 121 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்தபிறகும் வேலை செய்தது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அது கண்ணாடித் தட்டில். மனித இரைப்பையில் கிருமி சளிப்படலத்துக்குள் ஒளிந்திருக்கும், சாறு அங்கே போய்ச் சேருமா என்பது வேறு கேள்வி.

வாழைக்காய்க் கதையும் அப்படித்தான். மார்ஷல் கிருமி குடித்த அதே 1984இல், பிரித்தானிய ஆய்வொன்று காய்ந்த வாழைக்காய்த்தூள் எலிகளில் அஸ்பிரின் புண்ணைத் தடுப்பதாகவும் ஆற்றுவதாகவும் காட்டியது. கிருமியைக் கொன்று அல்ல, இரைப்பைச் சுவரை வளரத் தூண்டி. ஆனால் கடையில் வாங்கிய தூள்கள் பலன் தரவில்லை. பழுக்காத காயை, குறைந்த வெப்பத்தில் உலர்த்தினால் மட்டுமே பலன். எந்தப் பதத்தில் பறிப்பது, எப்படிக் காயவைப்பது என்று அம்மம்மா எங்களை ஏசுவதற்கு இப்படியும் ஒரு அர்த்தம் இருக்கலாம்.

முழுத்தூரம் போய் மருந்தானது அதிமதுரம். 1940களில் நெதர்லாந்து மருத்துவர் ரேவர்ஸ் அதிமதுரப் பசை புண்ணை ஆற்றுவதைக் கவனித்தார். சிலருக்கு உடம்பு வீங்கியதையும் அவரே பதிவு செய்தார். அதிலிருந்து 1960களில் பிரித்தானியாவில் கார்பெனொக்சோலோன் வந்தது. புண் ஆறியது, இரத்த அழுத்தம் ஏறியது, பொட்டாசியம் இறங்கியது. 1970களின் நடுப்பகுதியில் சிமெற்றிடின் வந்ததும் அதை ஓரங்கட்டிவிட்டார்கள். "மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை" என்பவர்களுக்கு நாங்கள் சொல்வது இந்தக் கதையைத்தான். கறுப்பாக மலம் போனாலோ, இரத்தம் வாந்தியானாலோ தூளைக் கரைத்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

திரியாய்க்குப் போகிற அதே வீதியில், நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே சித்த மருத்துவம் பட்டப்படிப்பு. அங்கே படிக்கிற நண்பர்களிடம் எங்களுக்கு ஒரு கேள்வி: எட்டுக் குன்மத்தில் எந்தக் குன்மம் என்று நாடி பார்த்துச் சொன்ன பிறகு, அதே ஆளுக்கு எண்டொஸ்கோபியும் கிருமிப் பரிசோதனையும் செய்து பார்த்தால், எத்தனை பேருக்கு இரண்டும் ஒத்துப்போகும்?