எருக்கத்தம்புலியூர் யாழ்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் போனால் ராஜேந்திரப்பட்டினம். தேவாரம் அதை எருக்கத்தம்புலியூர் என்கிறது. கோயில் மரமும் வெள்ளெருக்குதான். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பாட்டுக்கு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த ஊர். எங்கள் பக்கத்தைப் பீங்கான் பொம்மைக்கும் இன்சுலேட்டருக்கும் மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களிடம் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

பாணர்கள் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்கள். சங்க காலத்தில் அரசர்கள் எதிர்கொண்டு விருந்து வைத்த அந்தக் கூட்டம், நீலகண்டர் காலத்தில் கோயிலுக்கு வெளியே நின்றது. மதுரையில் அவரும் வாசலில் நின்றுதான் வாசித்தார். இறைவன் அடியார்களின் கனவில் சொல்ல, உள்ளே அழைத்துப் போனார்கள் என்கிறது பெரியபுராணம். சேக்கிழார் அதோடு விடவில்லை. தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளர்ந்துவிடும், பொற்பலகை இடுங்கள் என்று அசரீரி எழுந்ததாகவும் சொல்கிறார். களிமண்ணிலேயே காலம் கழித்த எனக்கு இந்த இடம் மிகவும் நெருக்கம். அச்சில் வார்த்த அகலில் ஈரம் சரியாக இறங்காவிட்டால் சூளையில் வெடித்துவிடும். கைத்தொழில்காரனின் கவலை தெரிந்த ஒருவர்தான் இப்படி எழுதியிருக்க முடியும்.

திருவாரூரில் அவருக்காக வடக்கே தனி வாசல் வகுக்கப்பட்டது. பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்கு வலிக்கிறது. எல்லாரும் போகும் வாசல் இருந்ததே.

காரைக்காலை ஒட்டிய தருமபுரம் அவருடைய தாயார் ஊர். யாழால்தான் சம்பந்தர் பாட்டுக்குப் பேர் என்று சொந்தக்காரர்கள் அங்கே பேச, நீலகண்டர் பதறிப்போனார். கருவியில் அடங்காத பாட்டு ஒன்று வேண்டும் என்று அவரே கேட்டார். சம்பந்தர் பாடினார், யாழில் அது வரவில்லை. உடைக்கப்போன யாழைச் சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொண்டார். யாழ்மூரிப் பதிகம் பிறந்த கதை இது. யாழில் நரம்புக்கு ஒரு சுரம்தான், வளைத்து வாசிக்க வழி குறைவு என்று விளக்கம் சொல்வார்கள்.

நான் மறுபடி மறுபடி நினைப்பது வேறொருத்தியை. சோழர் காலத்தில் தில்லையில் கரையான் அரித்த ஏடுகளிலிருந்து தேவாரத்தை மீட்டபோது பாட்டு கிடைத்தது, பண் தெரியவில்லை. நீலகண்டர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரிலிருந்து தில்லைக்கு அழைத்துவந்து பண் வகுத்தார்கள் என்று திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. மன்னன் பெயர் உண்டு, நம்பியாண்டார் நம்பியின் பெயர் உண்டு. அவள் பெயர் இல்லை. விருத்தாசலம் பழமலைநாதர் சன்னதியில் ஓதுவார் பண்ணோடு பாடும்போதெல்லாம் அவளைத்தான் தேடுகிறேன். பிழைப்புக்குப் பாடிய குடும்பத்தில் தாயிடமிருந்து மகள் கற்றதுதானே அந்த இசை?

யாழ் பிறகு வழக்கொழிந்தது. கிழக்கு இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல ஆண்டு ஆராய்ந்து எழுதிய 'யாழ்நூல்' 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. இப்போது தருண் சேகர் என்ற இளைஞர் 'உரு' என்ற பெயரில் யாழ் செய்து, அதை வைத்து 'அழகி' என்ற தனிப்பாடலையும் வெளியிட்டிருக்கிறார். சினிமாவை நம்பாமல், தன் கருவியைத் தானே செய்து பாட்டுக் கட்டுகிற இவரை நான் பாணர் வரிசையில்தான் வைப்பேன்.

நீலகண்டரின் குருபூசை வைகாசி மூலத்தில் வரும். அன்று ராஜேந்திரப்பட்டினத்தில் ஒரு யாழ் ஒலிக்க வேண்டும். அதை வாசிப்பவர் ஒரு பெண்ணாக இருக்க வேண்டும்.