பேட்டையும் மகமையும்

நெட்வொர்க்கிங் என்றால் எங்கள் ஐடி ஆட்களுக்கு விசிட்டிங் கார்டு, லிங்க்ட்இன், அவ்வளவுதான். சிவகிரியிலிருந்து ராஜபாளையம் தாண்டிப் போனால் வேறு கதை கிடைக்கும்.

19ஆம் நூற்றாண்டில் மாட்டுவண்டியில் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிவந்த நாடார் வியாபாரிகளுக்கு வழிப்பறி பயம். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை எனச் சுவர் சூழ்ந்த பேட்டைகள் கட்டினார்கள். ராத்திரி வண்டியும் மாடும் சரக்கும் உள்ளே பத்திரம். செலவுக்கு? வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை எல்லோரும் பொதுவில் போட்டாகணும். அதுதான் மகமை. உறவின்முறை அதற்குக் கணக்கு வைத்தது. 1889இல் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி வந்தது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான்.

கோயிலுக்குள் விடாத காலம் அது. 1899இல் சிவகாசியே தாக்கப்பட்டது. சேர்ந்து நிற்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை.

ஆனால், அந்த நம்பிக்கைக்கு ஈடாக நின்றது சாதி. வெளியாளுக்கு அங்கே இடமில்லை. இன்றும் சங்கமோ சொந்தமோ பின்னால் இல்லாமல் சிவகிரி பஜாரில் முதல் கடை போடுகிறவர், அவசரத்துக்குக் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். அவருக்குத் தேவை கார்டு இல்லை, சாதி கேட்காத ஒரு மகமை.