மக்தலேனாவின் புரூஃப்

எங்கள் அச்சகத்தில் காப்பி வாசிப்பது என்று ஒரு வேலை இருந்தது. எழுதியவர் கொடுத்த கையெழுத்துப் படிதான் காப்பி. அதை ஒருவர் உரக்க வாசிக்க, இன்னொருவர் மை காயாத புரூஃபில் எழுத்தெழுத்தாகக் கண்ணை ஓட்டிப் பிழை திருத்துவார். கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த ஒற்றை டிரெடில் அச்சகத்தில் 1971-ல் அந்த வேலை எனக்கு வந்தது. அப்போது எனக்கு வயது 13. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முக்காலியில் உட்கார்ந்து, கமா, புள்ளி, மேற்கோள் ஆரம்பம், மேற்கோள் முடிவு, புது பாரா என்று ஒன்று விடாமல் சொல்லி வாசிப்பேன். கோயில் திருப்பணி அறிக்கை, கூட்டுறவுச் சங்கத்துக் கணக்கு, வைத்திய நூல், கல்யாணப் பத்திரிகை. அர்த்தம் தெரியாத வடமொழிச் சொற்கள் வந்தால் எழுத்துக்கூட்டுவேன். "அர்த்தத்தைப் பார்க்காதேம்மா, எழுத்தைப் பாரு" என்பார் அப்பா.

அந்த முக்காலியை 2019 ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெல்ஜியத்தில் உள்ள ஆண்ட்வெர்ப் நகரத்தில் நினைத்துக்கொண்டேன். மகள் பணம் கட்டி எங்கள் இருவரையும் அனுப்பிவைத்த பஸ் பயணம் அது. 42 பேர். பாரிஸும் பிரஸ்ஸல்ஸும் பார்த்தாகிவிட்டது; மாலைக்குள் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர வேண்டும். பயண நிரலில் ஆண்ட்வெர்ப்புக்கு ஒரே ஒரு வரிதான். ஸ்கெல்ட் ஆற்றங்கரையில் பஸ் நின்றதும் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "பெரிய சர்ச், டவுன் ஹால், சாக்லேட் கடை. வைரக் கடைத் தெருவை பஸ்ஸிலிருந்தே பார்த்துக்கலாம். பன்னிரண்டரைக்கு எல்லாரும் சீட்ல இருக்கணும்." கையில் இரண்டரை மணி நேரம் இருந்தது.

சர்ச், சதுக்கம் இரண்டையும் எல்லோரோடும் சேர்ந்து பார்த்தேன். கோபுரம் 123 மீட்டர் உயரம். உள்ளே ரூபென்ஸ் 1610-களில் வரைந்த சிலுவை ஓவியங்கள். டவுன் ஹாலுக்கு எதிரே நீரூற்றின் மேல் ஒருவன் வெட்டுண்ட கை ஒன்றை வீசி எறியும் சிலை. ஆற்றில் சுங்கம் கட்டாத படகோட்டிகளின் கையை வெட்டிய அரக்கன் ஒருவன் இருந்தானாம். பிராபோ என்ற வீரன் அவன் கையை வெட்டி ஆற்றில் எறிந்தானாம். ஊரின் பெயரே அதனால் வந்தது என்று இங்கே கதை சொல்கிறார்கள். என் கணவருக்கு முழங்கால் வலி. "நீ போய்ட்டு வா, நான் இங்கயே பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்" என்றார். எனக்குப் போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது என்று அவருக்குத் தெரியும்.

கூட்டமாக ஊர் பார்க்கிற வழக்கத்துக்கும் இந்த ஊருக்கும் ஓர் உறவு இருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் தாமஸ் குக், 1855-ல் முதன்முதலாக ஐரோப்பியக் கண்டத்துக்கு ஒரு குழுவைக் கூட்டிவந்தபோது, ஹாரிச் துறைமுகத்தில் கப்பலேறி வந்து இறங்கிய இடம் இந்த ஆண்ட்வெர்ப்தான். குக் அதற்கு முன் லெஸ்டர் நகரத்தில் அச்சகம் வைத்து மதுவிலக்குப் பிரசுரங்கள் அச்சிட்டவர். அவரும் எங்கள் தொழில்காரர் என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் வெள்ளிக்கிழமைச் சந்தைத் திடல். இன்றும் அங்கே வெள்ளிக்கிழமை பழைய வீட்டுச் சாமான்கள் ஏலம் போகின்றன. நான் போனபோது நாற்காலிகளையும் விளக்குகளையும் பீங்கான் தட்டுகளையும் கல் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். திடலின் ஒரு பக்கம் முழுக்க ஒரே வீடு. அதுதான் பிளாண்டின்–மொரேட்டஸ் அச்சகம். அப்பா வைத்திருந்த பழைய ஆங்கில அச்சுத்தொழில் புத்தகத்தில் அந்த வீட்டின் படத்தைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன்.

கிறிஸ்டோஃப் பிளாண்டின் பிரான்ஸிலிருந்து 1549 வாக்கில் இங்கே பிழைக்க வந்தவர். முதலில் அவர் செய்தது புத்தகம் கட்டுவது, தோல் பெட்டி செய்வது. ஓர் இரவு, செய்து முடித்த பெட்டியைக் கொடுக்கப் போகும் வழியில் குடிகாரர்கள் அவரை வேறு யாரோ என்று நினைத்துக் கத்தியால் குத்திவிட்டார்கள். குனிந்து செய்யும் பைண்டிங் வேலை அதன்பின் முடியாமல் போகவே அச்சுக்கு மாறினார் என்று அவர் குடும்பத்தார் எழுதிவைத்திருக்கிறார்கள். 1555-ல் முதல் புத்தகம் வந்தது. ஏழே ஆண்டுகளில் எல்லாம் போனது. அவர் பாரிஸில் இருந்த சமயம் அவருடைய ஆட்கள் தடைசெய்யப்பட்ட சமயப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டுவிட, 1562 ஏப்ரலில் அவருடைய உடைமைகள் அத்தனையும் ஏலத்துக்கு வந்தன. ஏலம் நடந்தது இதே வெள்ளிக்கிழமைச் சந்தையில். அடுத்த ஆண்டு திரும்பிவந்து, பங்காளிகளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். 1576-ல் இந்தத் திடலுக்கே குடிவந்தார்.

உள்ளே நுழைந்ததும் மூக்கு முதலில் எதையோ தேடியது. மண்ணெண்ணெய் வாசனையை. எழுத்தைக் கழுவ நாங்கள் அதைத்தான் வைத்திருப்போம். இங்கே மெழுகும் பழைய மரமும் மணந்தன. ஆனால் அச்சுக்கூடத்தின் கதவைத் தாண்டியபோது கால் நின்றுவிட்டது. சன்னல் வெளிச்சம் விழும் பக்கம் பார்த்துச் சாய்வாக நிற்கும் எழுத்துக் கேஸ்கள். நம் வீட்டில் நின்ற அதே கோணம். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரின் இடது கையில், எழுத்தை அடுக்கும் ஸ்டிக் இருக்கும். வலது கை மட்டும் பார்க்காமலே கேஸின் அறைக்கு அறை போய்வரும். எழுத்தின் உடம்பில் ஒரு பள்ளம் உண்டு, நிக் என்போம். கட்டைவிரல் அதைத் தொட்டதும் எழுத்து நேராக இருக்கிறதா, தலைகீழாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கண்ணுக்கு வேலையே இல்லை.

அறையின் அந்தக் கோடியில் இரண்டு மர அச்சுப்பொறிகள் நிற்கின்றன. 1600-ஐ ஒட்டிய காலத்தவை; உலகில் எஞ்சியிருப்பவற்றில் இவையே மிகப் பழையவை. ஒரு பொறிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தோலில் கம்பளி அடைத்த இரண்டு மைப்பந்துகளால் எழுத்துக்கு மை ஒற்ற வேண்டும். இன்னொருவர் ஈரப்படுத்திய தாளை வைத்து, நெம்புகோலை உடம்போடு சேர்த்து இழுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 1,250 தாள், இரு பக்கமும். அதாவது 2,500 பதிவு. அப்பாவின் வலது கால் டிரெடிலை மிதித்து மிதித்து இடது காலைவிடப் பருத்திருந்தது. இந்த மனிதர்களுக்குத் தோள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். 1570-களின் நடுவில் பிளாண்டினிடம் இப்படி 16 பொறிகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்களும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் அத்தனை பெரிய அச்சகம் அபூர்வம்.

மாடியில் எழுத்து வார்க்கும் அறையும், கண்ணாடிப் பெட்டிகளில் எஃகுக் கம்பிகளும் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஓர் எழுத்து புடைப்பாக வெட்டப்பட்டிருக்கிறது. அதைச் செம்பில் அடித்து இறக்கினால் குழி விழும். அந்தக் குழியில் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து. கிளாட் கராமோன் வெட்டிய கம்பிகளே இங்கு இருக்கின்றன. இன்று கணினியில் அவர் பெயரால் ஓர் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கிற யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, அது ஒரு மனிதர் அரத்தால் ராவி எடுத்த எஃகு முனை என்பதை.

பிழை திருத்துவோர் அறைக்கு வந்தேன். சன்னலை ஒட்டி நீளமான ஓக் மேசை, எதிரெதிரே இருவர் உட்கார இடம். கொர்னேலிஸ் கிலியான் என்பவர் 1558-ல் இந்த அச்சகத்தில் சேர்ந்து 1607-ல் இறக்கும்வரை, ஏறத்தாழ 50 வருடம், இங்கேயே வேலை பார்த்தார். பகலெல்லாம் பிறர் எழுதியதைத் திருத்தியவர், தன் தாய்மொழியான டச்சுக்கு அகராதி எழுதினார். 1599-ல் வந்த அதன் மூன்றாம் பதிப்பை இன்றும் மொழியறிஞர்கள் புரட்டுகிறார்கள்.

ஆனால் நான் அந்த அறைக்கு வந்தது கிலியானுக்காக இல்லை. பிளாண்டின் அச்சிட்ட மிகப் பெரிய வேலை, 1568-க்கும் 1573-க்கும் இடையே முடிந்த பன்மொழி பைபிள். எபிரேயம், அரமேயம், சிரியாக், கிரேக்கம், லத்தீன் என்று ஐந்து மொழி, எட்டுப் பெரிய பாகங்கள், சுமார் 1,200 படிகள். ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் ஆதரவு தந்தார். மேற்பார்வைக்கு அரியாஸ் மொன்தானோ என்ற அறிஞரை அனுப்பினார். செலவு பிளாண்டினைக் கடனில் ஆழ்த்தியது. பிளாண்டினுக்கு ஐந்து பெண்கள். 1570-ல் அரசரின் செயலருக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொருத்தியும் என்ன வேலை செய்கிறாள் என்று அவர் சொல்கிறார். மூத்தவள் மார்கரெட்டா, அழகான கையெழுத்து, ஆனால் கண்பார்வை போதவில்லை. அடுத்தவர்கள் லேஸ் வியாபாரத்தைக் கவனிக்கிறார்கள். நான்காவது மகள் மக்தலேனா. பைபிளின் புரூஃபுகளை மொன்தானோவின் வீட்டுக்கு எடுத்துப்போய், ஐந்து மொழியிலும் மூலப்படியை உரக்க வாசிக்கிறாள். அவளுக்கு வயது 13.

இந்த வரியைப் பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு புத்தகத்தில் படித்தபோது, மடியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த எட்டுப் பாகங்களில் அரசர் இருக்கிறார், அறிஞர் இருக்கிறார், அச்சிட்டவர் இருக்கிறார். மக்தலேனா இருப்பது அப்பா எழுதிய ஒரு கடிதத்தில். இந்த மேசையில் அவள் உட்கார்ந்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அப்போது அச்சகம் வேறு தெருவில் இருந்தது; இங்கே குடிவருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1572-ல் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; மாப்பிள்ளை பாரிஸில் மாமனாரின் கடையைப் பார்த்துக்கொண்டவர். இருந்தாலும் அந்த ஓக் பலகையை ஒரு விரலால் தொட்டேன். காவலர் பார்த்துவிட்டுத் தலையை மட்டும் அசைத்தார். கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடங்களில் நம் கரையிலும் எழுத்து வார்த்துக்கொண்டிருந்தார்கள். கோவாவில் 1563-ல் கார்சியா த ஓர்த்தா என்ற மருத்துவர் இந்திய மூலிகைகள் பற்றி ஒரு நூல் அச்சிட்டார். அனுபவமில்லாத அச்சகம், பிழைதிருத்தப் பட்டியலே பல பக்கம். நல்ல காப்பி வாசிப்பவர் ஒருவர் அங்கே இல்லாமல் போனார். அந்த நூலைச் சுருக்கி லத்தீனில் குளூசியஸ் என்பவர் எழுத, பிளாண்டின் 1567-ல் இந்த ஊரில் அச்சிட்டார். நம் நாட்டு மருந்துச் சரக்கின் குணத்தை ஐரோப்பிய மருத்துவர்கள் இங்கிருந்து படித்தார்கள். 1578-ல் கொல்லத்தில் ஹென்றிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' வந்தது. 16 பக்கம். தமிழ் எழுத்து, தமிழ் மண்ணுக்குப் பக்கத்திலேயே வார்த்த ஈயம். அதற்கான புரூஃபை உரக்க வாசித்தது யார் என்று எந்தக் கடிதமும் நமக்குக் கிடைக்கவில்லை.

பிளாண்டின் இந்த வீட்டுக்கு வந்த வருடமே, 1576 நவம்பரில், சம்பளம் கிடைக்காத ஸ்பானியப் படைவீரர்கள் ஊரைச் சூறையாடினார்கள். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், டவுன் ஹால் எரிந்தது. பிளாண்டின் திரும்பத் திரும்பப் பணயப்பணம் கொடுத்து அச்சகத்தைக் காப்பாற்றினார். 1585-ல் ஊர் ஸ்பெயினிடம் வீழ்ந்தது, ஆற்றுவழி அடைபட்டது, நான்கைந்து வருடத்தில் ஜனத்தொகை பாதியானது. 1589-ல் அவர் இறந்தார். மருமகன் யான் மொரேட்டஸும் அவர் வழி வந்தவர்களும் ஏறத்தாழ முந்நூறு வருடம் தொழிலை நடத்தினார்கள். எதையும் தூக்கி எறியவில்லை. கணக்குப் புத்தகம், கூலிச் சீட்டு, மரக்கட்டைப் படங்கள், தேய்ந்த எழுத்து, எல்லாம். 1876-ல் கடைசி வாரிசு எட்வர்ட் மொரேட்டஸ் வீட்டைச் சாமான்களோடு 12 லட்சம் பிராங்குக்கு நகரத்துக்கு விற்றார். மறு வருடம் அருங்காட்சியகம் திறந்தது. 1945 ஜனவரியில் திடலில் வெடிகுண்டு விழுந்து வீடு சேதமானது. அதையும் சரிசெய்து நிறுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் எழுத்துகள் 1994-ல் கிலோக் கணக்கில் போயின. ஆப்செட் வந்தபின் வேலை வரவில்லை. பழைய இரும்புக்காரர் தராசோடு வந்தார். அப்பா ஒவ்வொரு கேஸாகச் சாக்கில் கவிழ்த்தார். கி, கீ, கு, கூ வரிசைகளுக்குத் தனித்தனியாக வார்த்த எழுத்துகள், ஆங்கிலத்தைப் போல இரண்டு கேஸில் அடங்காத நம் எழுத்துகள், எல்லாம் ஒரே ஈயமாகச் சாக்குக்குள் விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ஒன்று மட்டும் தப்பித்தது. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது, பழைய ணா, றா, னா, யானைத் தும்பிக்கை போட்ட ணை, லை, ளை, னை எல்லாம் கேஸிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. கொல்லத்துப் புத்தகத்துக்குச் சரியாக 400 ஆண்டுகள் கழித்து. எடுத்த எழுத்துகளை அப்பா ஓவல்டின் டப்பா ஒன்றில் போட்டு மூடிவைத்தார். உபயோகத்தில் இல்லாததால் தராசுக்காரர் வந்த அன்று அது யார் கண்ணிலும் படவில்லை.

வெளியே வந்தபோது மணி 12.10. திடலில் சாமான்களைச் சுற்றி ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஓரமாக நின்று கும்பகோணத்துக்குப் போன் போட்டேன். அங்கே பிற்பகல் மூன்று நாற்பது. தம்பி எடுத்தான்.

"அக்கா, எங்க இருக்கே?"

"அப்பாவோட ஓவல்டின் டப்பா இருக்கா பாரு. மாடிப்படிக்குக் கீழே, பித்தளை அண்டாவுக்குப் பின்னால."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அண்டா நகரும் சத்தம் கேட்டது. மூடி திறக்க வராமல் அவன் கரண்டியால் நெம்பும் சத்தம். பிறகு ஈயம் ஈயத்தோடு உரசும் அந்தச் சின்னச் சலசலப்பு, எட்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி.

"இருக்கு அக்கா. கறுத்துப் போயிருக்கு. ஒண்ணு எடுத்திருக்கேன், என்ன எழுத்துன்னே தெரியல, இடவலமா இருக்கு."

"பக்கவாட்டுல ஒரு பள்ளம் இருக்கும், விரல்ல படுதா?"

"படுது."

"அதை மேல் பக்கமாத் திருப்பி வெச்சுக்கோ. கோடு எங்க ஆரம்பிக்குது, எந்தப் பக்கம் சுழியுதுன்னு நிதானமாச் சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, இடது உள்ளங்கையில் விரலால் எழுதிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"லை" என்றேன்.