கிணற்றில் எண்ணெய்: பரிசோதனை அறிக்கையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரி மழை மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் தேங்குகிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த நீரைத்தான். அதில் எண்ணெய் கலந்துவிட்டால் பவுசர் தண்ணீருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். சுன்னாகத்தில் அதுவே நடந்தது.

இரண்டு அறிக்கைகள்

சுன்னாகம் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013 நவம்பர் முதல் 2014 ஜூலை வரை பரிசோதித்தது. 150 கிணறுகளில் 109 இல், அதாவது ஏறத்தாழ 73 வீதமானவற்றில், எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருந்தன. பின்னர் வடமாகாண சபை நியமித்த நிபுணர் குழு, ஆபத்தான எண்ணெய் மாசு இல்லை என்ற கருத்தை முன்வைத்தது. ஒரே ஊரின் நீருக்கு இரண்டு முடிவுகள். எதை நம்புவது என்று தெரியாமல் மக்கள் தவித்தார்கள்.

வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுற்றாடல் ஆர்வலர் ஒருவர் பொதுநலன் கருதித் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவில் (141/2015) 2019 ஏப்ரல் 4 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அங்கு அனல் மின் நிலையத்தை இயக்கிய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டும், பாதிக்கப்பட்டவர்களில் 500 பேர் வரை ஒருவருக்கு 40,000 ரூபாய்க்கு மேற்படாமல் அது வழங்கப்பட வேண்டும் என நீதிமன்றம் உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடே இதன் அடிப்படை.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது

ஆபத்து மின் நிலையங்களில் மட்டும் இல்லை. எரிபொருள் நிரப்பு நிலையங்களில் பெற்றோலும் டீசலும் நிலத்தடித் தாங்கிகளில் இருக்கின்றன. இரும்பு துருப்பிடித்தாலோ குழாய் இணைப்பு தளர்ந்தாலோ கசிவு மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் தொடரலாம். எண்ணெய் முதலில் மண்ணில் ஊறும். பின்னர் நீர்மட்டத்தை அடைந்து அதன் மேல் மிதக்கும். ஆனால் பென்சீன், தொலுயீன், எதைல்பென்சீன், சைலீன் என்ற நான்கு பொருட்களும் ஓரளவு நீரில் கரைந்து, நீரோட்டத்துடன் நகரும். குடாநாட்டில் மண்படை மெல்லியது. பாறை வெடிப்புகளூடாக நீர் விரைவாக ஓடும். அதனால் அருகிலுள்ள கிணறு தப்பி, தூரத்துக் கிணறு பழுதாகவும் கூடும்.

முறையான விசாரணை எப்படி இருக்கும்?

முதலில் தாங்கி. டிப் கம்பியால் நாளாந்தம் அளந்த இருப்பையும் விற்பனையையும் ஒப்பிட்டால், தொடர்ச்சியான குறைவு கசிவைக் காட்டிக்கொடுக்கும். தாங்கியையும் குழாய்களையும் அழுத்தம் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

அடுத்து மண். தாங்கியைச் சுற்றிப் பல இடங்களில் துளையிட்டு, வெவ்வேறு ஆழங்களில் மாதிரி எடுக்க வேண்டும்.

மூன்றாவது நீரோட்டத்தின் திசை. குறைந்தது மூன்று கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே காலத்தில் அளந்தால்தான் அதைக் கணிக்க முடியும். மாரியிலும் கோடையிலும் இது வேறுபடலாம். ஒருமுறை அளந்தால் போதாது.

நான்காவது நீர். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் எடுக்க வேண்டும். பிளாஸ்ரிக் எண்ணெயை உறிஞ்சும். பென்சீன் போன்றவற்றுக்கான போத்தலில் காற்றிடைவெளி இருக்கக் கூடாது. குளிர்நிலையில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலில் அரைப் போத்தலாகக் கொண்டுபோனால் இருந்ததும் ஆவியாகிவிடும்.

இறுதியாக, எண்ணெய் யாருடையது என்ற கேள்வி. சுன்னாகத்தில் மின்சார சபையின் பழைய மின் நிலையமும் இருந்ததால், பழைய எண்ணெயா புதிய கழிவா என்ற சர்ச்சை எழுந்தது. வாயு நிறப்பகுப்பு ஆய்வு டீசல், உலை எண்ணெய், உராய்வுநீக்கி எண்ணெய் என்பவற்றை வேறுபடுத்திக் காட்ட உதவும்.

அறிக்கை கையில் கிடைத்தால்

1. எந்தத் திகதியில், எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில் மாதிரி எடுக்கப்பட்டது?
2. எண்ணெய், கிரீஸ் மட்டுமா பார்க்கப்பட்டது? அந்தப் பரிசோதனையில் விலங்கு, தாவரக் கொழுப்பும் சேர்ந்து அளக்கப்படும். எளிதில் ஆவியாகும் பெற்றோல் கூறுகள் தவறிப்போகும். பென்சீன் முதலியவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.
3. "கண்டறியப்படவில்லை" என்று இருந்தால், கருவி அளக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு எவ்வளவு? அது குடிநீர் எல்லையை விட அதிகமாக இருந்தால் அந்த வரிக்குப் பொருளில்லை.
4. மாதிரி எடுத்தவர் யார்? விசாரிக்கப்படும் நிறுவனமே எடுத்ததா?

மணக்கவில்லை என்பதற்காக நீர் நல்லது என்று எண்ண வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலில் பென்சீனுக்கான எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம். நாக்குக்கு அதன் சுவை தெரிவதற்கே ஏறத்தாழ 0.5 மில்லிகிராம் வேண்டும். அது எல்லையைப் போல 50 மடங்கு.

எண்ணெய் கலந்த நீரைக் கொதிக்கவைப்பது தீர்வாகாது. எளிதில் ஆவியாகும் பொருட்கள் சமையலறைக் காற்றில் கலக்கும். பாரமான எண்ணெய் நீரிலேயே நிற்கும். குளோரின் இடுவதும் எண்ணெயை அகற்றாது. சந்தேகம் வந்தால் அந்த நீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தி, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்து, கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். மணம், நிறம், படலம் தோன்றிய திகதிகளை ஒரு கொப்பியில் குறியுங்கள்.

உங்கள் கிணற்றருகே எரிபொருள் நிலையமோ மின் நிலையமோ வரப்போகிறது என்றால், அது இயங்கத் தொடங்க முன்னரே நீரைப் பரிசோதித்து அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். முன்னைய நிலைக்குச் சான்று இருந்தால், "அது பழைய எண்ணெய்" என்று எவரும் இலகுவில் கைகழுவ முடியாது.