கிட்டங்கியும் பாரோவும்

டப்ளினில் இருக்கும் மருமகன், அயர்லாந்தின் பாரோ ஆற்றங்கரையில் நடந்துபோய் எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: "மாமா, நம்மட கிட்டங்கிப் பக்கம் போலதான் இரிக்கி." தண்ணீரும் புல்லும் ஒத்துத்தான் இருந்தன. பாதையின் கதைதான் வேறு.

பாரோ 192 கிலோமீற்றர் ஓடும் ஆறு. லோடவுன் தொடங்கி செயின்ட் மலின்ஸ் வரை சுமார் 114 கிலோமீற்றருக்கு நடைபாதை. முதலில் கால்வாய்க் கரை, அத்தாய் (Athy) ஊரிலிருந்து ஆற்றங்கரை. அதை நடக்கிறவர்களுக்கென்று யாரும் போடவில்லை. சரக்குப் படகைக் கயிற்றில் கட்டிக் குதிரை இழுத்துப்போன தடம் அது. ஆறு இறங்கும் இடங்களில் படகை ஏற்றி இறக்க மதகுகள் வைத்தார்கள். 1960ஐ ஒட்டிச் சரக்குப் போக்குவரத்து நின்றது. தடத்தில் புல் மூடியது. பிறகுதான் அது மரபு நடையானது. வழியில் கிரேகுநமனாவில் 1204இல் துறவிகள் தொடங்கிய டுயிஸ்க் மடாலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது.

நம்முடையது கிழக்கிலங்கையின் கிட்டங்கித் தாம்போதி, நீரைக் கடக்கும் தாழ்வான பாதை. நற்பிட்டிமுனையைத் தாண்டி நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்களுக்கு அதுதான் வழி. கோடையில் அங்கே வீச்சுவலைக்காரர் நிற்பார். மடித்த வலை தோளில், ஈயமணிக் கயிறு பல்லிடுக்கில். வலை விரிந்து விழும்வரை பார்த்து நிற்கிறவர்கள் மூச்சு விடுவதில்லை. மாரியில் அதே இடத்தில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும், ஆற்றுவாழை வந்து அடைக்கும். பள்ளிப் பிள்ளைகளும் உத்தியோகத்தர்களும் உழவு இயந்திரப் பெட்டியில் நின்று கடப்பார்கள்.

கிட்டங்கி என்றால் சரக்கறை. பாரோவின் கரையில் பழைய சரக்கறைகள் கல்லாய் நிற்கின்றன. இங்கே நான் ஒரு சுவரைக்கூடக் கண்டதில்லை, பெயர்தான் மிச்சம். அந்தப் பெயரை விளக்கி ஒரு பலகை வைத்தால் குறைந்தா போய்விடும்?

ஆனாலும் நம்முடைய தாம்போதியை மரபு நடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அங்கே பாதையின் வேலை முடிந்துவிட்டது, இங்கே முடியவில்லை. கார்லோ மாவட்டத்தில் புல்தடத்தின் மேல் கெட்டித் தளம் போடும் திட்டத்தை ஊரார் பலர் எதிர்த்தார்கள். 2019இல் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. நாம் மாரிக்கு மாரி கேட்டு வந்ததோ உயரமான பாலம்.

மருமகனுக்கு ஒரு மாரிக்காலப் படத்தை அனுப்பினேன். உழவு இயந்திரப் பெட்டி நிறைய ஆள்கள், எல்லார் கையிலும் செருப்பு.

"பாதை எங்க மாமா?"

"தண்ணிக்குள்ள மகன்."