அளத்துக் காவல்

மரக்காணம் உப்பளத்தில் காவல் என்றால் முதலில் உப்புக்குத்தான். 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வாரிய உப்பு அத்தனையும் சர்க்காருக்கு. அம்பாரத்தைச் சுற்றிச் சேவகர்கள் நின்றார்கள். விளைவித்தவனே ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனால் அவன் குற்றவாளி. 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்புச் சட்டத்தை மீறத்தான். 1947-இல் உப்பு வரி ஒழிந்தது, கூடவே அந்தக் காவலும். உழைப்பவனைச் சந்தேகித்து நின்ற காவல் அது. ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

பழைய நாளில் பாத்திக்குத் தண்ணீர் இறைத்தது ஏற்றம். அதில் திருடுபோக ஒன்றுமில்லை. ஆயில் என்ஜின் வந்ததும் டீசலுக்குக் காவல் தேவைப்பட்டது. மின் மோட்டார் வந்ததும் செம்புக் கம்பிக்குக் காவல். எங்கள் ஊர் கீழ்புத்துப்பட்டில் காட்டுக்குள் குதிரைகளோடு அய்யனார் காவல் இருக்கிறார். அளத்திலோ மனுஷன்தான் படுத்தாக வேண்டும். என் அப்பா மாசி முதல் ஆவணி வரை மோட்டார் கொட்டகையில் படுத்தவர். நான் அதே அளத்தில் மோட்டார் பழுதுபார்க்கிறேன்.

இப்போது ஆளுக்குப் பதில் கேமராவைக் காவலுக்கு வைக்கிறார்கள். வீட்டு வாசலைக் கேமராவில் பார்க்கும் ஏற்பாட்டுக்கு 1966-இல் காப்புரிமை கேட்டவர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், நியூயார்க்கில் தனியாக இருக்கப் பயந்த ஒரு செவிலியர். 1991-இல் கேம்பிரிட்ஜில் கணினி ஆராய்ச்சியாளர்கள் கேமராவைத் தங்கள் காப்பிப் பானைக்கு எதிரே வைத்தார்கள், பானை காலியா என்று இருந்த இடத்திலிருந்தே தெரிந்துகொள்ள. ஆளைப் பார்க்கும் கண் சாமானைப் பார்க்கத் திரும்பியது அங்கேதான் என்பேன். அளத்துக்கு வேண்டியதும் அந்தக் கண்தான்.

இங்கே முதலில் வந்தது கேமரா இல்லை, சிம் போட்ட ஸ்டார்ட்டர் பெட்டி. போன் அடித்தால் மோட்டார் ஓடும், மறுபடி அடித்தால் நிற்கும். மூன்று பேஸில் ஒன்று போனால் செய்தி வரும். முன்பு அது தெரியாமல் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், காயில் கருகிய வாசனை வந்த பிறகுதான் நாங்கள் ஓடுவோம். கேமரா பிறகு வந்தது, சோலார் தகட்டோடு. அதைப் பலரும் மோட்டாரைப் பார்க்க வைக்கிறார்கள். ஓடுகிற மோட்டாரும் நிற்கிற மோட்டாரும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். குழாய் வாயைப் பார்க்க வையுங்கள்; தண்ணீர் விழுகிறதா என்று தெரியும். உப்புக் காற்றில் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும், நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும். பெட்டிக்குள் ஒயர் முனைகளுக்குக் கிரீஸ் தடவாவிட்டால் பச்சை பூத்துத் தொடர்பு விட்டுப்போகும்.

பாத்தித் தண்ணீரின் உப்புச் செறிவு எத்தனை டிகிரி என்பதை மட்டும் இன்றும் கையால் மானியை மிதக்கவிட்டுத்தான் பார்க்கிறோம். 25 டிகிரியை ஒட்டி உப்பு கட்டும். 29-ஐத் தாண்டினால் கசப்பு இறங்கும், தண்ணீரை வெளியேற்ற வேண்டும். அதற்குக் கருவி இருந்தாலும் பாத்தி ஓரத்தில் நிற்கிற ஆள் வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. மின்சாரமும் சிக்னலும் போய் எந்தக் கேமராவும் எதையும் காட்டவில்லை. ஐப்பசி பிறக்கும் முன்பே மோட்டாரைக் கழற்றி மேட்டில் ஏற்றியவர்களுக்குச் சேதமில்லை.

போனில் இயங்கும் மோட்டார் பெட்டிக்குத் தமிழக வேளாண் பொறியியல் துறை விவசாயிகளுக்கு மானியம் தருகிறது. உப்பு, விவசாயக் கணக்கில் வருவதில்லை. அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அந்தக் காரணத்தைச் சொல்லிச் சிறு குத்தகைக்காரனை ஒதுக்கக் கூடாது. உப்பளத் தொழிலாளர்களின் மழைக்கால வாழ்வாதாரத்துக்கு 5,000 ரூபாய் தரும் அரசு, இந்தப் பெட்டிக்கும் மானியம் தரட்டும். அளம் வைத்திருப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: கேமராவைக் குழாய் வாய்ப் பக்கம் வையுங்கள், உப்பு வாருகிற பெண்கள் பக்கம் திருப்பாதீர்கள்.